கோழி லெக் பீஸில் ஊசி மாதிரி ஓர் எலும்பு இருக்கிறதே, அது எதற்கு?

சப்பைக்கறி எழுதியது:

வணக்கம். திருமங்கலம் பக்கம் கறிக்கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. பதினாறு வயதில் கத்தி பிடித்தேன், இப்போது நாற்பத்து நாலு. படிப்பு ஒன்பதாவதோடு சரி. கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் பத்தாவது படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைந்த பிறகு அறிவியல் புத்தகத்தோடு கடைக்கு வந்தாள். அதில் ஒரு படம். மனிதன் கை, வௌவால் இறக்கை, திமிங்கலத் துடுப்பு, எல்லாவற்றிலும் எலும்புகள் ஒரே வரிசையில். 'அமைப்பு ஒத்த உறுப்புகள்' என்று மேலே போட்டிருந்தது. "நெசமாவே இப்படித்தான் இருக்குமாப்பா? நீங்கதான் தினமும் வெட்டுறீங்களே" என்றாள்.

இருபத்தெட்டு வருஷம் வெட்டியிருக்கிறேன், ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சரி வா என்று ஒரு முன்னங்காலைத் துண்டு போடாமல் கறியை மட்டும் சீவி எடுத்துவிட்டு, எலும்பைக் கட்டைக்குப் பக்கத்துத் தட்டில் முழுசாகப் பரப்பினேன். மேலே சப்பை. அதற்குக் கீழே ஒற்றை எலும்பு. அதற்குக் கீழே இரண்டு எலும்பு ஒட்டி ஒன்றான மாதிரி. அப்புறம் முட்டியில் கூழாங்கல் போலச் சின்னச் சின்னதாகக் கொஞ்சம். அப்புறம் நீளமாக ஒன்று, கடைசியில் இரண்டு குளம்பு. மகள் தன் கையைப் பக்கத்தில் நீட்டி வைத்து, தோள்பட்டை, மேல்கை, முன்கை, மணிக்கட்டு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அப்படிப் பார்த்தால் நாங்கள் மூன்று தலைமுறையாக முட்டி என்று சொல்லி வந்தது ஆட்டின் மணிக்கட்டு!

அடுத்து கோழி இறக்கை. ஒற்றை எலும்பு, பிறகு இரட்டை, பிறகு நுனி. நுனியை நாங்கள் வெட்டிப் போட்டுவிடுவோம், கறி கிடையாது. கத்தி முனையால் தோலை உரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று விரல். அதில் ஒன்று கட்டைவிரல் மாதிரி தனியாக நிற்கிறது. அன்று அறுத்த நாட்டுச் சேவல் ஒன்றில் அந்தக் கட்டைவிரல் நுனியில் அரிசி அளவுக்கு நகமே இருந்தது. எனக்குக் கொஞ்சம் சிலிர்த்துவிட்டது.

கடைசியாக லெக் பீஸ். பெரிய எலும்பை ஒட்டி ஊசி மாதிரி ஒன்று இருக்குமே, பிள்ளைக்குத் தொண்டையில் குத்தும் என்று தாய்மார்கள் எடுத்துவிடச் சொல்வார்களே, அதுதான். மேலே முட்டியில் தொடங்கிப் பாதி வழியில் ஒன்றுமில்லாமல் மெலிந்து முடிந்துவிடுகிறது. எதையும் தாங்கி நிற்பதாகத் தெரியவில்லை. இது எதற்கு என்று மகள் கேட்டாள். தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் வந்தார். தச்சு வேலை பார்த்தவர், என் அப்பாவுக்கே வாடிக்கை. தட்டைப் பார்த்துவிட்டு, "ஒரே ஆசாரி செஞ்சா எல்லாக் கட்டிலும் ஒரே மாதிரிதான்டா இருக்கும். இதுல என்ன அதிசயம்?" என்றார். எனக்கு அதுவும் சரியாகத்தான் பட்டது. மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

அதனால் இரண்டு கேள்வி. அந்த ஊசி எலும்பு எதற்கு? ஆசாரி சொன்னதற்கு என்ன பதில்? பதில் இருக்கிறதா இல்லையா என்பதையாவது சொல்லுங்கள்.


விலங்கியல் டீச்சர் எழுதியது:

தம்பி, முப்பத்தோரு வருஷம் நான் கரும்பலகையில் வரைந்து காட்டியதை நீங்கள் ஒரு தட்டில் வைத்துவிட்டீர்கள். எங்கள் பள்ளி லேபில் இருந்தது ஒரே ஒரு தவளை எலும்புக்கூடு. அதற்கும் இடது கால் கிடையாது.

முதலில் ஊசி. உங்கள் கணுக்காலில் வெளிப்பக்கம் ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருக்கும், தொட்டுப் பாருங்கள். அது ஒரு மெல்லிய எலும்பின் கீழ் முனை. அந்த எலும்பு கெண்டைக்கால் சதைக்கு உள்ளே ஏறி முட்டிக்குச் சற்றுக் கீழே போய் முடியும். கீழ்க்காலில் நமக்கு இரண்டு எலும்பு, கணுக்கால் வரை இரண்டும் உண்டு. கோழிக்கும் அதே இரண்டுதான். தடிமனான எலும்பு வளர்ந்துவிட்டது, மெல்லியது பாதியிலேயே ஊசியாக நின்றுவிட்டது. மேல் முனையில் கொஞ்சம் தசையும் நாரும் பிடித்திருக்கும், அந்த மட்டில் அதற்கு வேலை உண்டு. கீழ்ப்பாதி ஏன் இல்லை என்பதுதான் கதை.

முட்டைக்குள் கரு உருவாகும் முதல் நாட்களில் அந்த இரண்டு எலும்பும் ஒரே நீளம். பிறகு ஒன்று முந்திக்கொள்கிறது, மற்றது நின்றுவிடுகிறது. சிலி நாட்டு ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு சோதனை செய்தார்கள். அந்த எலும்பின் வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும் வேதிச் செய்தியைக் கருவிலேயே தடுத்தார்கள். ஊசியாக வேண்டியது கணுக்கால் வரை வளர்ந்தது. பழைய டைனோசர்களின் காலில் அது அப்படித்தான் இருந்தது. நீட்டமாக வளர்க்கும் வழி கோழிக்குள் இன்னும் இருக்கிறது, மேலே ஒரு தடை போட்டு வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

டைனோசர் எங்கே வந்தது என்பீர்கள். பறவைகள் டைனோசர் வழியில் வந்தவை, அதனால்தான். ஜெர்மனியின் பவேரியாவில் சுண்ணாம்புக்கல் வெட்டும் குவாரிகள் உண்டு. உயிர்கள் பொதுவான பாட்டனிலிருந்து மெல்ல மாறி வந்தன என்கிற பரிணாமக் கொள்கையைச் சொன்ன டார்வின் புத்தகம் வெளிவந்தது 1859-ல். இரண்டே வருஷத்தில், 1861-ல், அந்தக் குவாரிக் கல்லில் ஒரு பிராணி கிடைத்தது. பெயர் ஆர்க்கியாப்டெரிக்ஸ். வயது சுமார் 15 கோடி ஆண்டு. இறகு இருக்கிறது. ஆனால் அலகில் பல், பின்னால் பல்லி மாதிரி நீண்ட எலும்பு வால், இறக்கையில் மூன்று விரல், மூன்றிலும் நகம். உங்கள் சேவலின் அரிசி நகம் அந்த வீட்டுச் சொத்தில் மிஞ்சியது. தென் அமெரிக்காவில் ஹோட்சின் என்று ஒரு பறவை உண்டு. அதன் குஞ்சுக்கு இறக்கையில் இரண்டிரண்டு நகம் இருக்கும், அதை வைத்து மரம் ஏறும். வளர்ந்ததும் உதிர்ந்துவிடும்.

ஆட்டுக்கு வாருங்கள். மணிக்கட்டுக்குக் கீழே நீளமாக ஒன்று என்றீர்களே, அது ஒன்று இல்லை. நம் உள்ளங்கையில் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் போகும் இரண்டு எலும்பு ஒட்டியது. முன்பக்கம் நெடுக ஒரு கோடு தெரியும், கீழ் முனை இரண்டாகப் பிரிந்திருக்கும். இளங்குட்டியின் காலை நெடுக்கில் பிளந்தால் மஜ்ஜைக்கு நடுவே மெல்லிய சுவர்கூடத் தெரியும். ஆட்டுக் கருவில் அவை இரண்டு தனித்தனி எலும்புகளாகத்தான் தொடங்குகின்றன. குளம்புக்குப் பின்னால் சும்மா தொங்கும் இரண்டு குட்டிக் குளம்பு, ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும். கட்டைவிரல் போயே போய்விட்டது.

இப்போது ஆசாரி. அவர் சொன்னது லேசான கேள்வி இல்லை, வகுப்பில் யாராவது அதைக் கேட்டால் நான் மகிழ்ந்து போவேன். ஆனால் அவரிடம் திருப்பி ஒன்று கேளுங்கள். "ஐயா, நீங்கள் கட்டில் செய்யும்போது, முன்பு செய்த மாட்டு வண்டியின் நுகத்தடியில் பாதியை மெலிசாகச் சீவி, எதையும் தாங்காமல், கட்டில் காலோடு ஒட்டி வைப்பீர்களா?" ஒரு நல்ல ஆசாரி வேலைக்கு ஏற்ற சாமான் போடுவார். பறப்பதற்கு ஒரு நல்ல இறக்கை செய்துவிட்டால் அதையே எல்லாப் பறக்கும் பிராணிக்கும் மாட்டலாம். இங்கே அப்படி இல்லையே. வௌவாலும் பறக்கிறது, குருவியும் பறக்கிறது, தட்டானும் பறக்கிறது. வௌவாலுக்கு நீண்ட நான்கு விரல்களுக்கு நடுவே தோல். குருவிக்கு விரல்கள் ஒட்டிப்போய் அதன்மேல் இறகு. தட்டானுக்கு உள்ளே எலும்பே கிடையாது. வேலை ஒன்றுதான், சாமான் மூன்று விதம். உங்கள் தட்டில் நேர் எதிர். நடக்கிற ஆட்டுக்கும், எழுதுகிற உங்கள் மகளுக்கும், பறக்கிற கோழிக்கும் வேலை வேறு வேறு, சாமான் ஒன்று. பாட்டன் விட்டுப் போனதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேரனும் அவனவன் பிழைப்புக்குத் தகுந்தபடி வளைத்துக்கொண்டால்தான் இப்படி வரும்.

இன்னொன்று. அடுத்த தடவை ஆட்டுக் கழுத்து வெட்டும்போது எலும்பை எண்ணுங்கள். ஏழு இருக்கும். நமக்கும் ஏழு. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான், ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் நீண்டுவிட்டது. கழுத்தே இல்லாத திமிங்கலத்துக்கும் ஏழு, தோசை அடுக்கிய மாதிரி. பாலூட்டிகளில் ஒன்றிரண்டு விலக்கு உண்டு, மற்றபடி எல்லாம் ஏழு. கோழிக் கழுத்தையும் எண்ணுங்கள், அதில் ஏறத்தாழ இரட்டிப்பு.


நேருக்கு நேர் எழுதியது:

டீச்சர் அம்மாவுக்கு மரியாதையோடு ஒன்று. ஒரு மிருகம் இன்னொன்றாக மாறியதை யாராவது கண்ணால் பார்த்தார்களா? குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் அழகர்கோவில் மலையில் இருக்கிற குரங்கெல்லாம் ஏன் இன்னும் வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு திரிகிறது? பரிணாமத்தை அவர்களே தியரி என்றுதானே சொல்கிறார்கள். தியரி என்றால் ஊகம்தானே.


பல்லடம் பண்ணை எழுதியது:

மேலே உள்ளவருக்கு. முழுசாக மாறியதைப் பார்க்க நமக்கு ஆயுசு போதாது. ஆனால் ஓர் உயிர் எந்த வேகத்தில் நகரும் என்று பார்க்கக் கோழியே போதும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ம் வருஷத்துக் கறிக்கோழி வம்சத்தை மாற்றாமல் அப்படியே காப்பாற்றி வைத்திருந்தார்கள். அதையும், 1978 வம்சத்தையும், 2005 வம்சத்தையும் ஒரே தீவனம் போட்டு ஒன்றாக வளர்த்தார்கள். 56 நாளில் முதல் வகை ஏறத்தாழ 900 கிராம். இரண்டாவது 1.8 கிலோ. மூன்றாவது 4.2 கிலோ. ஒவ்வொரு தலைமுறையிலும் வேகமாக வளர்ந்ததைத் தாய் தகப்பனாக நிறுத்திக்கொண்டார்கள், வேறொன்றும் இல்லை. ஐம்பது வருஷம்கூட ஆகவில்லை.

(ஹார்மோன் ஊசி போட்டுத்தான் பிராய்லர் பெருக்கிறது என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறவர்கள் இதைப் படிக்கவும். ஒரு ஷெட்டில் ஐயாயிரம் கோழி. தினமும் யார் பிடித்து ஊசி போடுவது?)

ஆனால் அந்த 4 கிலோ கோழியைக் கொல்லிமலையில் விட்டால் ஒரு வாரம் தாங்காது. கால் தாங்காது, ஓட முடியாது, கீரிக்கும் நரிக்கும் விருந்து. பண்ணையில் ஆள் தேர்ந்தெடுக்கிறான். காட்டில் நரியும் பஞ்சமும் சீக்கும் தேர்ந்தெடுக்கும். அதனால் காட்டுக்கோழி காட்டுக்குத் தகுந்த மாதிரி இருக்கிறது. தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் குஞ்சுக்குக் குஞ்சு கொஞ்சம் வித்தியாசம் இருக்கவேண்டும், அந்த வித்தியாசம் அடுத்த தலைமுறைக்கு இறங்கவேண்டும். இரண்டும் இருக்கிறது என்பதற்கு எந்த ஆட்டுக்காரரையும் கேளுங்கள். கிடாய் பார்த்துத்தானே விடுகிறார்.


விலங்கியல் டீச்சர் எழுதியது:

நேருக்கு நேர் தம்பிக்கு. அழகர்கோவில் குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. உங்கள் பெரியப்பா மகன் இன்னும் ஊரில் இருக்கிறார் என்பதால் நீங்கள் பிறக்கவில்லை என்று ஆகிவிடுமா? சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான பாட்டன் இருந்தது ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுக்கு முன்னால். அழகர்கோவில் கூட்டத்தோடு நாம் பாகம் பிரிந்தது அதற்கும் வெகு முன்னால், 2 கோடி ஆண்டுகளுக்கு அப்பால். அந்தப் பாட்டன் இன்றைய குரங்கும் இல்லை, இன்றைய மனிதனும் இல்லை.

தியரி: கிருமியால் நோய் வருகிறது என்பதும் தியரிதான். அறிவியலில் அந்தச் சொல்லுக்கு ஊகம் என்று பொருள் இல்லை. முன்கூட்டியே சொல்லி, தோண்டிப் பார்த்தால் இருக்க வேண்டும். மீனிலிருந்து நாலுகால் பிராணி வந்த காலத்துப் பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று நிலவியல் வரைபடத்தைப் பார்த்து, நீல் ஷூபின் என்ற ஆய்வாளரின் குழுவினர் கனடாவின் வடதுருவப் பகுதிக்குப் போனார்கள். 1999-ல் தொடங்கிக் கோடைக்குக் கோடை போய்ப் பனியில் அலைந்து, 2004-ல் எல்ஸ்மியர் தீவில் டிக்டாலிக் என்ற பழைய பிராணியின் எலும்புகளைத் தோண்டினார்கள். 37.5 கோடி ஆண்டுப் பாறை. செதில் இருக்கிறது, துடுப்பு இருக்கிறது, ஆனால் மீனுக்கு இல்லாத கழுத்தும் இருக்கிறது. துடுப்புக்குள்ளே ஒற்றை எலும்பு, பிறகு இரட்டை, பிறகு கூழாங்கல். கறிக்கடைத் தம்பி தட்டில் பரப்பிய அதே வரிசை. இந்த மாதிரி ஊகம் எனக்கு லாட்டரியில் ஒரு தடவை பலித்திருந்தால் நான் ஏன் டியூஷன் எடுக்கிறேன்.


மணப்பாட்டுக்காரன் எழுதியது:

அண்ணாச்சி, புத்தகத்தில் திமிங்கலத் துடுப்பு போட்டிருந்தது என்றீர்கள், அதனால் எழுதுகிறேன். எங்கள் கரையில் 2016 ஜனவரியில் திமிங்கலங்கள் கூட்டமாக வந்து ஒதுங்கின. எண்பதுக்கு மேல் இருக்கும். கயிறு கட்டிப் படகில் இழுத்து ஆழத்தில் விட்டாலும் சில திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன. நானும் தள்ளினேன். தண்ணீருக்குள் நின்று அதன் உடம்பில் கை வைத்தால், மீன் மேல் கை வைக்கிற மாதிரி இல்லை. சூடாக இருந்தது. தலைக்கு மேல் உள்ள துளையில் புஸ் என்று மூச்சு விட்டது என் முகத்தில் அடித்தது. கடலிலேயே பிறந்து கடலிலேயே சாகிற பிராணிக்கு எதற்கு நுரையீரல் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்தேன்.

இன்னொன்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். தூரத்தில் ஒன்று போகிறது, சுறாவா ஓங்கிலா (டால்பின்) என்று வாலை வைத்துச் சொல்லலாம். சுறாவுக்கு வால் நெட்டுக்குத்தாக நிற்கும், பக்கவாட்டில் ஆட்டும். ஓங்கிலுக்கும் திமிங்கலத்துக்கும் வால் கிடையாக, முறம் மாதிரி, மேலும் கீழும் அடிக்கும். இரண்டும் ஒரே தண்ணீரில்தான் நீந்துகிறது. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? அப்பாவைக் கேட்டால் அது அப்படித்தான் என்பார்.


மாட்டு டாக்டர் எழுதியது:

மணப்பாட்டு நண்பரே, வால் கேள்விக்கு விடை ஆட்டிடம் இருக்கிறது. நாய் துரத்தும்போது ஆடு எப்படி ஓடும் என்று கவனியுங்கள். முதுகு மேலும் கீழும் வில் மாதிரி வளைந்து நிமிரும். மீனோ பாம்போ பல்லியோ பக்கவாட்டில்தான் நெளியும். தரையில் ஓடிய பாலூட்டி ஒன்று தண்ணீருக்குள் இறங்கினால் எப்படி நீந்தும்? ஓடின முதுகை வைத்துத்தான் நீந்தும். வால் கிடையாக வந்தது அதனால்தான். நுரையீரலும் தரையிலிருந்து கொண்டுபோன சாமான்.

கறிக்கடை நண்பருக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஆட்டின் பின்னங்காலை எடுங்கள், முன்னங்கால் வேண்டாம். கணுக்கால் மூட்டில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஓர் எலும்பு இருக்கும். நீங்கள் வெட்டுகிற இடத்தைப் பொறுத்து அது பாயாவுக்குப் போகிற காலோடும் போகலாம், தொடைப் பக்கமும் தங்கலாம். அதைச் சுத்தம் செய்து இரண்டு முனையையும் பாருங்கள். கிணற்று ராட்டினத்தில் கயிறு ஓடும் பள்ளம் இருக்குமே, அந்த மாதிரி மேலே ஒரு பள்ளம், கீழேயும் ஒரு பள்ளம். நாய்க்கும் பூனைக்கும் நமக்கும் மேல்முனையில் மட்டும்தான் அப்படி, மறுமுனை உருண்டை. இரண்டு முனையிலும் ராட்டினம் இருந்தால் அது ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை வகையறா. இரட்டைக் குளம்பு வகை. இந்த எலும்பு ஒன்றைக் கையில் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

இப்போது கேளுங்கள். திமிங்கலத்தின் பாட்டன் யார் என்று ரொம்ப நாள் சண்டை. குளம்போடு கறி தின்ற மெசோனிக்கிட் என்ற பழைய கூட்டம்தான் என்று எலும்பு ஆராய்கிறவர்கள் பலர் சொன்னார்கள். பிலிப் கிங்கரிச் அதில் முக்கியமானவர். ரத்தத்தையும் டிஎன்ஏவையும் ஆராய்ந்தவர்கள், இல்லை, நீர்யானைதான் நெருங்கிய பங்காளி என்றார்கள். தீர்வதற்கு வேண்டியது கால் உள்ள ஒரு திமிங்கலம், அதுவும் கணுக்கால் எலும்போடு. பாகிஸ்தானில் ஒரு காலத்தில் கடலாக இருந்த பாறையில், சுமார் 4.7 கோடி ஆண்டுக்கு முந்தைய திமிங்கலங்களின் பின்னங்கால்கள் கிங்கரிச் குழுவுக்கே கிடைத்தன. எலும்பின் இரண்டு முனையிலும் ராட்டினம். 2001-ல் அவரே தன் பழைய கருத்தைக் கைவிட்டு எழுதினார். அதே ஆண்டில் ஹான்ஸ் தேவிசன் என்ற ஆய்வாளரின் குழுவும் பாகிசீட்டஸ் என்ற இன்னும் பழைய திமிங்கலத்தின் எலும்பில் அதையே காட்டியது. முப்பது வருஷமாக நான் மாட்டுக் கணுக்காலைத் தடவிப் பார்த்து வருகிறேன். ஒரு பெரிய மனிதர் தன் கருத்தை மாற்றிக்கொண்டது இந்த எலும்பால் என்று படித்தபோது கர்வமாக இருந்தது.

நம் நாட்டிலும் ஓர் அத்தியாயம் உண்டு. காஷ்மீரின் காலாகோட் பகுதியில் நிலவியலாளர் ரங்கா ராவ் பழைய எலும்புகள் புதைந்த பாறைகளைக் கல் கல்லாகச் சேர்த்து வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு அவர் மனைவி அவற்றைத் தேவிசனிடம் கொடுத்தார். சுத்தம் செய்யும்போது ஒரு மண்டை ஓட்டில் காதுப் பகுதி கைதவறி உடைந்தது. உடைந்த இடத்தில், திமிங்கலங்களுக்கே உரிய தடித்த காதெலும்பு! ஆனால் பிராணியோ பூனை உயரத்துக்கு, சருகுமான் போல நாலு காலோடு நிற்கிறது. இந்தோஹையஸ் என்று பெயர், வயது சுமார் 4.8 கோடி ஆண்டு. அதன் கணுக்காலிலும் இரட்டை ராட்டினம்தான். பிந்தைய காலத்துக்கு எகிப்துக்குப் போகவேண்டும். பாலைவனத்தில் வாடி அல் ஹிதான் என்று திமிங்கலப் பள்ளத்தாக்கே இருக்கிறது. அங்கே கிடைத்த பஸிலோசாரஸ் முழுக்கக் கடல்பிராணி, ஆனாலும் அவ்வளவு பெரிய உடம்பில் குச்சி மாதிரி இரண்டு பின்னங்கால், விரலோடு. இன்றைய திமிங்கலத்துக்குக் கால் வெளியே இல்லை. இடுப்பெலும்புத் துண்டு மட்டும் சதைக்குள் கிடக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஆட்டிலிருந்து திமிங்கலம் வந்தது என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள், பரீட்சையில் போய்விடும். ஆடு ஒன்றுவிட்ட பங்காளி. இன்றைக்கு இருப்பதில் நெருங்கிய பங்காளி நீர்யானை.

ஆசாரிக்கு ஒன்று மீதி இருக்கிறது. ஆட்டு ஈரல் விற்கிறீர்கள் இல்லையா? அந்த ஈரல் விட்டமின் சியைத் தானே தயாரித்துக்கொள்ளும், ஆடு எலுமிச்சை தேட வேண்டியதில்லை. நம் ஈரலால் முடியாது. அதைச் செய்யும் ஜீன் நமக்குள் இருக்கிறது, ஆனால் உடைந்து கிடக்கிறது. சிம்பன்சிக்கும் அழகர்கோவில் குரங்குக்கும் அதே ஜீன் உடைந்துதான் இருக்கிறது. ஒரே பரீட்சையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த இருவர் விடை சரியாக எழுதினால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். இரண்டு பேரும் ஒரே எழுத்துப்பிழை செய்தால்?


சப்பைக்கறி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் அம்மா, கழுத்தை எண்ணினேன், ஏழு. கோழியில் பதினாலு வந்தது, ஒன்றிரண்டு தவறியிருக்கலாம். பல்லடத்துக்காரர் எழுதியதைக் கடைச் சுவரில் ஒட்டலாமா என்று யோசிக்கிறேன், ஹார்மோன் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

டாக்டர் சொன்ன எலும்பை நேற்று எடுத்தேன். முதல் காலில் என் வெட்டுக் குறுக்கே போய் எலும்பு இரண்டாகிவிட்டது. இருபத்தெட்டு வருஷமும் இப்படித்தான் வெட்டியிருக்கிறேன் போல. இரண்டாவது காலில் மூட்டைப் பிரித்து முழுசாக எடுத்தோம். மகள் குக்கரில் நாலு விசில் வைத்து, பல் துலக்கும் பழைய பிரஷால் தேய்த்தாள். குக்கர் பாழ் என்று வீட்டில் ஒரு சண்டை, அதை விடுங்கள். மேலே பள்ளம், கீழே பள்ளம். ஆள்காட்டி விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ராட்டினம் என்பது சரியான சொல். பத்தாயிரம் தடவையாவது இந்த மூட்டில் கத்தி வைத்திருப்பேன்.

நேருக்கு நேர் நண்பர் திருப்தியானாரா தெரியவில்லை, அவர் கேட்காமல் இருந்தால் பாதி விஷயம் இங்கே வந்திருக்காது.

இன்று காலை ஆசாரி வந்தார். நுகத்தடிக் கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வைக்க மாட்டேன். ஆனா பழைய வீட்ட இடிச்சு அதே மரத்துல புது வீடு கட்டுனா, பழைய துளையும் ஆணி அடிச்ச தடமும் அங்கங்க தெரியத்தான் செய்யும்" என்றார். மகள், "அதத்தான் தாத்தா நாங்களும் சொல்றோம்" என்றாள். அவர் ஒத்துக்கொண்டாரா இல்லையா என்று முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை.

கணுக்கால் எலும்பை அவர் கையில் கொடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தார், பள்ளத்தில் நகத்தை ஓட்டினார், தாயக்கட்டை மாதிரி உள்ளங்கையில் குலுக்கித் தட்டில் உருட்டினார். "இது திமிங்கலத்துக்கா இருந்துச்சு?" என்றார். ஆமாம் தாத்தா என்றாள். இன்னொரு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு, "சரி, அரைக் கிலோ நெஞ்செலும்பு போடு. கொழுப்பு வேண்டாம்" என்றார்.

எலும்பு இப்போது கல்லாப்பெட்டியில் இருக்கிறது. திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறது.